சிங்கத் தலை ஐந்து, தபால்தலை ஒன்று

1904-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிற்றூர் நாளிதழ்களில் லயன் காபி விளம்பரம் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. 50,000 டாலர் ரொக்கப் பரிசு என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. செயின்ட் லூயிஸ் நகரில் அந்த ஆண்டு உலகக் கண்காட்சி. ஜூலை 4, சுதந்திர நாளன்று அதைப் பார்க்க எத்தனை பேர் வருவார்கள் என்று கணித்து எழுத வேண்டும். இது ஒரு போட்டி. நவம்பரில் நடக்கவிருந்த ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் மொத்தம் எத்தனை வாக்குகள் விழும் என்பது இன்னொன்று. நுழைவுக் கட்டணம் கிடையாது. காபிப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் சிங்கத்தின் தலையைக் கத்தரித்து எடுக்க வேண்டும். ஐந்து தலைகளோடு இரண்டு செண்ட் தபால்தலை ஒன்றைச் சேர்த்து, ஒஹையோ மாநிலம் டொலீடோவில் இருந்த உல்சன் ஸ்பைஸ் கம்பெனிக்கு அனுப்பினால் ஒரு கணிப்புக்கு இடம் கிடைக்கும்.

அந்தத் தலைகளைக் கத்தரித்து டப்பாவில் சேர்த்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். காபி வாங்கியதும் காய்ச்சியதும் அவர்களே. வயோமிங், கொலராடோ, யூட்டா, ஐடஹோ ஆகிய நான்கு மாநிலங்களைத் தவிர வேறெங்கும் அந்தத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. நாடு முழுவதற்கும் அது வந்து சேர 1920 ஆயிற்று. வாக்குச்சீட்டு மறுக்கப்பட்டவர்கள் அடுப்படியில் உட்கார்ந்து, மொத்த வாக்கு எத்தனை என்று கணக்குப் போட்டார்கள்.

வணிக வரலாறுகள் இத்தகைய விளம்பரங்களை விற்பனை உத்தி என்று இரண்டு பத்தியில் முடித்துவிடுகின்றன. உத்திதான், மறுப்பதற்கில்லை. ஆனால் காசு அதிகம் புழங்காத வீடுகள் எதற்கெல்லாம் ஏங்கின என்பதற்கு இவ்வளவு விவரமான சாட்சி வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

பொட்டலத்துக்குள் ஒரு மிட்டாய்

கதை லயன் காபிக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1860-கள் வரை அமெரிக்க மளிகைக்கடைகளில் பெரும்பாலும் கிடைத்தது பச்சைக் கொட்டை. வாங்கிவந்து வாணலியிலோ அடுப்புச் சூளையிலோ வறுத்து, கை இயந்திரத்தில் அரைக்க வேண்டும். வீட்டிலேயே காபிக்கொட்டை வறுத்த நம்மூர்ப் பாட்டிமார்களுக்கு இதன் பாடு தெரியும். ஒரு ஈடு கருகிப்போகும், அடுத்த ஈட்டில் பச்சை வாடை போகாது.

கடைக்காரரே வறுத்து விற்கலாம் என்றால் அதிலும் சிக்கல். வறுத்த கொட்டை காற்றுப் பட்டால் சில நாட்களில் மணம் இழந்துவிடும். பிட்ஸ்பர்க் நகரில் குடும்ப மளிகை வியாபாரத்தில் இருந்த ஜான் ஆர்பக்கிள் இதற்கு ஒரு வழி கண்டார். வறுத்த கொட்டையின் மேல் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த மெல்லிய பூச்சு. பூச்சு கொட்டையின் துளைகளை அடைத்து மணத்தைக் காக்கும், காய்ச்சும்போது கசடும் அடியில் தங்கும் என்பது அவர் வாதம். 1868-ல் காப்புரிமை கிடைத்தது. கொட்டையை ஒரு பவுண்டு காகிதப் பைகளில் அடைத்தார். கடலைப் பொட்டலம் மாதிரி காபி விற்கிறாரே என்று சக வியாபாரிகள் கேலி பேசினார்கள்.

1873-ல் அந்தப் பொட்டலத்துக்கு 'அரியோசா' என்று பெயர் வைத்தார். மஞ்சள் லேபிள், சிவப்பு எழுத்தில் ஆர்பக்கிள், நடுவில் பறக்கும் தேவதை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் கடையில் கைகாட்டிக் கேட்கலாம்.

மூடிய பொட்டலம் அன்று சந்தேகத்துக்குரிய பொருள் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். திறந்த சாக்கில் இருக்கும் கொட்டையைக் கையில் அள்ளிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். ஒட்டி மூடிய காகிதப் பைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கலப்படம் மலிந்திருந்த காலம் வேறு. வாங்குகிறவரை முதல் தடவை துணிய வைக்க ஏதாவது வேண்டும். ஆர்பக்கிள் ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாய்க் குச்சியைப் போட்டார். பொட்டலத்தின் மேல் நிறுவனத்தின் கையெழுத்தை அச்சிட்டு, அதை வெட்டிச் சேர்த்து அனுப்புகிறவர்களுக்குப் பரிசுப் பொருள் என்று அறிவித்தார்.

அரியோசா மேற்கே போயிற்று. நூறு பொட்டலம் கொண்ட மரப்பெட்டிகளில், ரயில் போன மட்டும் ரயிலிலும் அதற்கப்பால் மாட்டு வண்டியிலும். மந்தைகளை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச்சென்ற கௌபாய்களின் சமையல் வண்டிகளில் காபி என்றாலே ஆர்பக்கிள் என்று ஆயிற்று. மிட்டாய் யாருக்கு வேண்டும் என்று சமையல்காரர் குரல் கொடுப்பாராம். யார் கொட்டையை அரைத்துத் தருகிறாரோ அவருக்குத்தான் குச்சி. துப்பாக்கி கட்டிய ஆட்கள் அதற்காகப் போட்டி போட்டுக்கொண்டு அரைத்ததாக அந்த வட்டாரத்து நினைவுக் கதைகள் சொல்கின்றன. காலியான மரப்பெட்டிகளை நவஹோ பழங்குடி மக்கள் வீணாக்கவில்லை. பலகைகளைப் பிரித்து அலமாரி செய்தார்கள், தொட்டில் செய்தார்கள், சவப்பெட்டியும் செய்தார்கள்.

என்னென்ன கேட்டார்கள்

பரிசுப் பட்டியலுக்கு வருவோம். சவரக்கத்தி, கத்தரிக்கோல், கைக்குட்டை, லேஸ் வைத்த ஜன்னல் திரைச்சீலை, பொம்மை, ரிவால்வர், கல்யாண மோதிரம். பொருளுக்குப் பொருள் கையெழுத்துகளின் எண்ணிக்கை மாறும். சிறிய பொருளுக்குச் சில, பெரியதற்குப் பல மாதம் காபி குடித்தால்தான் சேரக்கூடிய அளவு.

ஊர் என்று சொல்ல நாலு கூரைகூட இல்லாத சமவெளியில், சுற்றிலும் புழுதி. அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தி முதலில் கேட்டவற்றில் ஒன்று லேஸ் திரைச்சீலை. அதனால் வயிறு நிறையாது, குளிரும் விலகாது. இது குடும்பம் நடக்கும் வீடு என்று வெளியே இருப்பவருக்கும் தனக்கும் சொல்லிக்கொள்ள அது வேண்டியிருந்தது. கல்யாண மோதிரத்தைக் காபிப் பொட்டலம் சேர்த்து வாங்கிய இளைஞனை நான் குறைத்து நினைக்க மாட்டேன். நகைக்கடை பல நாள் பயணத்துக்கு அப்பால் இருந்தது, தபால் அலுவலகம் அருகில் இருந்தது. மோதிரம் எந்த வழியில் வந்தால் என்ன?

அந்தக் காலத்து வீடுகளில் ரொக்கம் பொதுவாக ஆண் கையில். பயிர் விற்ற பணமோ கூலியோ வந்ததும் கடன் அடைக்க, விதை வாங்க என்று போய்விடும். மேலுறையில் இருந்த கையெழுத்துக்கு அப்படி யாரும் உரிமை கொண்டாடவில்லை. அது அடுப்படியிலேயே பிறந்து அங்கேயே சேர்ந்தது. அவளாகப் பார்த்து எதற்குச் செலவிடுவது என்று முடிவுசெய்யக்கூடிய ஒரு சிறு கருவூலம். இதைச் சொல்வதால் நிறுவனத்துக்குத் தர்ம குணம் இருந்ததாகப் பொருளில்லை. லாபத்துக்காகத் திறந்துவிட்ட ஒரு வழியை அவள் தன் வழியாக மாற்றிக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு வண்ணப்பட அட்டைகள். கல்லச்சில் பல வண்ணம் ஏற்றி அச்சிடும் கலை அப்போது மலிவாகியிருந்தது. ஆர்பக்கிள் நிறுவனம் 1889-ல் அமெரிக்க மாநிலங்கள், ஆட்சிப்பகுதிகளின் வரைபடங்களை ஐம்பது அட்டைகளாக வெளியிட்டது. விலங்குகள், உலக நாடுகளின் விளையாட்டுகள் என்று வேறு வரிசைகளும் வந்தன. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பழைய வரைபடம் தொங்கிய ஊர்களில், சுவருக்கு வரும் வண்ணப் படம் என்றால் இவைதான். சிகாகோவின் மெக்லாக்லின் நிறுவனம் காபியோடு காகிதப் பொம்மைகளைக் கொடுத்தது. பசை தடவி நோட்டில் ஒட்டிய அந்த அட்டைகள் இன்றும் பழம்பொருள் சந்தைகளில் அகப்படுகின்றன. அதே பொட்டலத்தின் காபி எப்படி ருசித்தது என்று சொல்லத்தான் ஆளில்லை.

சர்க்கரை அரசரோடு சண்டை

காபிக் கொட்டைக்குப் பூச்சுப் பூச ஆர்பக்கிளுக்குச் சர்க்கரை நிறைய வேண்டும். கூடவே, நிறுத்து, பையில் நிரப்பி, ஒட்டி மூடும் இயந்திரமும் அவரிடம் இருந்தது. காபியை அடைக்கும் இயந்திரம் சர்க்கரையையும் அடைக்குமே என்று சிறு பைகளில் சர்க்கரை விற்கத் தொடங்கினார். அமெரிக்கச் சர்க்கரையை ஏறக்குறைய முழுதாகக் கைக்குள் வைத்திருந்த ஹென்றி ஹேவ்மேயருக்கு இது பொறுக்கவில்லை. சர்க்கரையில் நீ நுழைந்தால் காபியில் நான் நுழைவேன் என்று, டொலீடோவின் உல்சன் ஸ்பைஸ் கம்பெனியை வளைத்துப் போட்டார். லயன் காபி அவர் வசமானது. ஆர்பக்கிள் புரூக்ளின் துறைமுகக் கரையில் சொந்தமாகச் சர்க்கரை ஆலையே கட்டிவிட்டார்.

1890-களின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் இருவரும் விலையை வெட்டி வெட்டி இறக்கினார்கள். நஷ்டம் இரு பக்கமும் பெரிது. நாளிதழ்களுக்கு அது நல்ல அறுவடை. ஒரு பக்கம் தேவதை, மறுபக்கம் சிங்கம். விலை இறங்கினால் மறுநாளே எதிராளியும் இறக்கிவிடுவான், ஆனால் வீட்டு டப்பாவில் பாதி சேர்ந்திருக்கும் சிங்கத் தலைகளை எதிராளியால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னும் ஏழு சேர்ந்தால் கத்தரிக்கோல் என்று இருப்பவள் பிராண்டை மாற்ற மாட்டாள். பரிசுக் கூப்பனின் பலம் முழுவதும் இந்த முடியாத கணக்கில் இருந்தது. சேர்த்தும் அனுப்பாமல் தொலைந்தவை, அரைகுறையாக நின்றவை எல்லாம் நிறுவனத்துக்கு மிச்சம். அனுப்பியவர்களின் பெயரும் முகவரியும் காசு கொடுக்காமல் கிடைத்த இன்னொரு வரவு.

பரிசின் விலை

பரிசுப் பொருளின் விலை எங்கிருந்து வந்தது? காபி விலைக்குள்ளிருந்துதான். ஏ அண்ட் பி என்று பின்னாளில் பெரிய சங்கிலிக்கடையாக வளர்ந்த நிறுவனம் 1860-களிலேயே செய்தித்தாள் விளம்பரம் வழியே தேயிலை, காபி விற்றது. ஊரில் நாலு வீட்டைச் சேர்த்துக் குழுவாக ஆர்டர் அனுப்பினால், திரட்டியவருக்கு ஒரு பொட்டலம் இலவசம். பிறகு கடைகளில் பீங்கான், வண்ணப் படங்கள் என்று பரிசுகள் பெருகின. அதே நிறுவனம் 1912-ல் பரிசு, கடன், வீட்டுக்குக் கொண்டுபோய்த் தருவது எல்லாவற்றையும் நிறுத்திய மலிவுக் கடைகளைத் திறந்தது. பரிசுச் செலவு போனதும் விலை இறங்கியது, கூட்டம் அங்கே அலைமோதியது. இலவசத்துக்கு எதிராக இதைவிட நேர்மையான வாதம் இல்லை.

இன்னொரு விலையும் உண்டு, அது விளம்பரத்தில் வராது. அன்று அமெரிக்கா குடித்த காபியில் பெரும்பகுதி பிரேசிலிலிருந்து வந்தது. பிரேசிலில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1888 மே மாதம். அரியோசா பெயர் பெற்ற முதல் பதினைந்து ஆண்டுகள் அடிமைகளின் உழைப்பு நீடித்த ஆண்டுகள். பொட்டலத்துக்குள் மிட்டாய் வைக்கவும் அதன்மேல் மோதிரம் கொடுக்கவும் மிச்சம் பிடிக்க முடிந்ததற்கு, கொட்டை அவ்வளவு மலிவாகக் கிடைத்தது ஒரு காரணம். லேஸ் திரைச்சீலைக்கு ஏங்கியவளின் பக்கம் என் மனம் சாய்கிறது. காபிப் பழத்தைப் பறித்தவளுக்கு எந்தப் பட்டியலும் போகவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

1899-ல் சிகாகோவில் ஃபிராங்க் ஸ்கிஃப் குதிரை வண்டியில் தொடங்கிய ஜுவல் டீ கம்பெனி வரிசையைத் தலைகீழாக்கியது. பரிசு முதலில், காபி பிறகு. வண்டிக்காரர் பாத்திரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போவார், அடுத்தடுத்த வருகைகளில் வாங்கும் காபியும் தேயிலையும் அதன் விலையைக் கழிக்கும். காத்திருக்கும் வேதனை இல்லை, அதற்குப் பதில் வாசலில் ஒரு கடன். 1933-லிருந்து ஹால் சைனா நிறுவனம் ஜுவலுக்கென்றே செய்த 'ஆட்டம் லீஃப்' பீங்கான்கள் எத்தனையோ குடும்பங்களில் முழு செட்டாகச் சேர்ந்தன.

இரண்டாம் உலகப் போர் கூப்பனின் குணத்தையே மாற்றியது. 1942 நவம்பர் 29 முதல் காபிக்கு ரேஷன். பதினைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. முன்பு காபி வாங்கினால் சீட்டு கிடைத்தது, இப்போது சீட்டு இருந்தால்தான் காபி. 1943 ஜூலையில் கட்டுப்பாடு நீங்கியது.

கிளீவ்லேண்ட், 1971

போருக்குப் பிறகு மோதிரமும் திரைச்சீலையும் மெல்ல மறைந்தன. அவற்றின் இடத்தில் நாளிதழின் சமையல் பக்கத்தில் புள்ளிக்கோடு போட்ட சிறு செவ்வகம் வந்தது. கத்தரித்துக் கொண்டுபோனால் இத்தனை செண்ட் தள்ளுபடி. கடைக்காரர் அவற்றைச் சேர்த்துத் தரம்பிரிக்கும் நிலையத்துக்கு அனுப்புவார். நிறுவனம் தள்ளுபடித் தொகையோடு கையாளும் கூலியாகச் சில செண்டும் சேர்த்துத் தரும். எல்லாருக்கும் விலையைக் குறைத்துவிட்டுப் போகலாமே, எதற்கு இந்தச் சுற்று? கத்தரிக்க நேரமும் தேவையும் உள்ளவருக்கு ஒரு விலை, அலட்சியமாக டப்பாவை எடுத்துப் போகிறவருக்கு இன்னொரு விலை. ஒரே அலமாரியில் ஒரே காபிக்கு இரண்டு விலை வைக்க இதைவிட எளிய வழி இல்லை.

ப்ராக்டர் அண்ட் கேம்பிள் 1963-ல் ஃபோல்ஜர்ஸ் காபியை வாங்கியபோது அது மேற்கிலும் நடுப்பகுதியிலும்தான் பலமாக இருந்தது. கிழக்கு, ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தின் மாக்ஸ்வெல் ஹவுஸ் காபிக்குக் கோட்டை. 1971-ல் ஃபோல்ஜர்ஸ் கிளீவ்லேண்டில் இறங்கியது. அடுத்து பிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க் என்று நகர்ந்தது. தள்ளுபடிக் கூப்பன்கள் தபாலிலும் நாளிதழிலும் வந்து விழுந்தன. மாக்ஸ்வெல் ஹவுஸ் அதைவிடப் பெரிய கூப்பன்களால் திருப்பி அடித்தது. போதாதென்று, ஃபோல்ஜர்ஸின் சிவப்பு டப்பாவைப் போலவே தோற்றம் கொண்ட 'ஹொரைஸன்' என்ற புதிய காபியைச் சண்டைக்கென்றே இறக்கியது. போட்டியாளரை ஒழிக்க விலையை அளவுக்கு மீறிக் குறைத்தது என்று மத்திய வணிக ஆணையம் 1976-ல் ஜெனரல் ஃபுட்ஸ் மீது புகார் பதிந்தது. 1984-ல் அந்தப் புகார் தள்ளுபடியானது. அந்தச் சில ஆண்டுகள் அந்த நகரங்களின் வீடுகள் மலிவாகக் காபி குடித்தன. மேஜையில் மீந்து நின்ற பொருள் என்று ஒன்றும் இல்லை.

பாஸ்கா மேஜை

காபிக்காகக் கொடுத்த இலவசங்களில் ஒன்று மட்டும் தொண்ணூறு ஆண்டுகளைத் தாண்டியும் புழக்கத்தில் இருக்கிறது. அதைக் கொடுத்த நிறுவனத்தின் பூர்வீகமே விசித்திரம். மிச்சிகன் மாநிலம் பேட்டில் கிரீக்கில் சி. டபிள்யூ. போஸ்ட் என்பவர் 1895-ல் தானியத்தை வறுத்து போஸ்டம் என்ற பானம் செய்தார். காபி உடம்பைக் கெடுக்கும், நரம்பைத் தளர்த்தும் என்று நாளிதழ்களில் பக்கம் பக்கமாகப் பயமுறுத்தியே அதை விற்றார். அவர் மறைவுக்குப் பின் அந்த போஸ்டம் கம்பெனிதான் 1928-ல் மாக்ஸ்வெல் ஹவுஸ் காபியை வாங்கியது. மறு ஆண்டு ஜெனரல் ஃபுட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பாஸ்கா பண்டிகை நாட்களில் யூதர்கள் புளித்த தானிய உணவைத் தொடுவதில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் வழக்கத்தில் பயறு வகைகளும் விலக்கு. காபிக்கொட்டையும் அந்த இனம்தானோ என்ற ஐயத்தில் பல வீடுகளில் அந்த எட்டு நாளும் காபி நின்றுபோனது. நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் நடத்திய ஜோசஃப் ஜேக்கப்ஸ் 1923-ல் ஒரு யூதகுருவிடம் கருத்துக் கேட்டுப் பெற்றார். காபி ஒரு பழத்தின் விதை, பயறு இல்லை, பண்டிகைக்கு ஆகும் என்று குரு தெளிவுபடுத்தினார்.

அடுத்த அடி 1932-ல். பாஸ்காவின் முதல் இரவுகளில் குடும்பம் விருந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து முன்னோர் விடுபட்ட வரலாற்றை ஒரு நூலிலிருந்து முறைவைத்துப் படிப்பது வழக்கம். அந்த நூலுக்கு ஹகாதா என்று பெயர். மாக்ஸ்வெல் ஹவுஸ் டப்பா வாங்குகிறவர்களுக்கு ஹகாதா இலவசம் என்று கடைகளில் அடுக்கிவைத்தார்கள். எபிரேய மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்த எளிய காகித அட்டைப் புத்தகம். பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த ஆண்டு அது. மேஜையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் பத்துப் பிரதி வேண்டும், அதுவும் ஒரே பதிப்பாக இருந்தால்தான் எல்லாரும் ஒரே பக்கத்தைப் புரட்ட முடியும். காசு கொடுத்து வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு இது எப்பேர்ப்பட்ட உதவி என்று யோசித்துப் பார்க்கலாம்.

இதுவரை அச்சான பிரதிகள் 5 கோடிக்கு மேல். திராட்சை ரசக் கறை படிந்த பழைய பிரதிகளைப் பத்திரப்படுத்தி, ஆண்டுதோறும் அதே அலமாரியிலிருந்து எடுக்கும் குடும்பங்கள் உண்டு. 2009-ல் பராக் ஒபாமா வெள்ளை மாளிகையில் பாஸ்கா விருந்து நடத்தியபோது மேஜையில் இருந்ததும் இந்தப் பதிப்புதான். நிறுவனம் காபி விற்கத்தான் இதை அச்சிட்டது, எவரும் அதை மறைக்கவில்லை. ஆனாலும் விடுதலையைப் பற்றிய ஒரு நூலைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்திருக்கிறது. மற்ற எல்லாப் பரிசுகளையும்விட இதை நான் மேலே வைப்பேன்.

ஆங்கிலப் பகுதி காலப்போக்கில் பழைய நடையாகிப் போனது. இறைவனை எப்போதும் ஆணாகவே சுட்டுவதும் இளைய தலைமுறைக்கு உறுத்தியது. 2011-ல் ஹென்றி ஃபிரெங்கல் செய்த புதிய மொழிபெயர்ப்போடு ஹகாதா மறுபடி அச்சானது. அந்தப் பதிப்பும் பழைய முறைப்படி, பாஸ்காவை ஒட்டிக் காபி வாங்குகிறவர்களுக்கு இலவசமாகவே கடைகளுக்கு வந்தது.